மிதிக்கட்டைக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே

கொங்கு நாட்டின் மோட்டார் வரலாறு பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு நடுவில் சொல்லப்படுகிறது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு அதன் தொடக்கம். 2005-இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அதன் உச்சம். இவ்விரு முனைகளையும் இணைத்தது எத்தகைய கைத்திறன் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதை ஒரு சிறு உறுப்பின் வழியே இங்குக் காண முயல்வோம்.

பழைய வண்டியின் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கால் நேரடியாக எஞ்சினைத் தொடுவதில்லை. மிதிக்கட்டையின் அசைவு, ஒரு ராடு வழியாகவோ கேபிள் வழியாகவோ கார்புரேட்டருக்குச் செல்கிறது. அங்குள்ள வட்டத் தகடு திரும்பி, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவைக்கு வழிவிடுகிறது. காலை எடுத்தால் ஸ்ப்ரிங் அத்தகட்டை மூடுகிறது. இந்த இணைப்பு முழுவதையும் பட்டறையில் 'திராட்டில் லிங்கேஜ்' என்பார்கள். எஞ்சினின் ஆற்றலை ஓட்டுநரின் எண்ணத்தோடு பிணைப்பது இதுவே.

நாயுடு தம் இளமையில் பார்த்து வியந்த மோட்டார் சைக்கிளின் கதையை நாம் அனைவரும் அறிவோம். ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டினார். அக்கால மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் கலவைக்கு ஒன்றும் காற்றுக்கு ஒன்றுமாகக் கைப்பிடியில் இரு நெம்புகோல்கள் இருக்கும். ஃபோர்டு 'மாடல் டி' காரிலோ மூன்று மிதிகள் இருந்தும் அவற்றில் ஒன்றுகூட ஆக்சிலேட்டர் அன்று. ஸ்டீயரிங்கின் கீழுள்ள கைநெம்புகோலே எஞ்சினை விரைவுபடுத்தியது. ஆகவே அன்றைய ஓட்டுநர் ஓரளவுக்கேனும் மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் அந்த இரட்டை நெம்புகோலைத் திரும்பக் கொண்டுவந்தது எனலாம். பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டபோது தமிழகத்துப் பேருந்துகள் பல கரிவாயுவில் ஓடின. கொதிகலன் போன்ற ஓர் உருளையில் அடுப்புக்கரியை எரித்து, அதில் எழும் வாயுவைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். கரியின் தன்மைக்கேற்ப வாயு மாறியதால் காற்றின் அளவைத் தனி வால்வால் அடிக்கடி திருத்த வேண்டியிருந்தது. பெட்ரோலுக்கென அமைந்த வண்டியில் இந்தப் புதிய வால்வுக்குரிய ராடுகளையும் பொருத்தியாக வேண்டும்.

இத்தகைய வேலைக்குக் கோவை முன்பே பழகியிருந்தது. 1888-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் ஆலைக்குப் பின் நூற்பாலைகள் பெருகின. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் அவற்றின் வளர்ச்சி மேலும் விரைந்தது. நெம்புகோல்களாலும் இணைப்புத் தண்டுகளாலும் நிறைந்தவை நூற்பு இயந்திரங்கள். தேய்ந்த துளையைக் கடைந்து பித்தளைப் புஷ் இறக்கத் தெரிந்த லேத்துக்காரருக்கு, மோட்டாரின் லிங்கேஜும் அதே பாடத்தின் இன்னொரு பக்கம்தான்.

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மேற்கூட்டைக் கழற்றி, எடை குறைத்து, வி8 எஞ்சினில் இரண்டு மூன்று கார்புரேட்டர்களை ஏற்றிப் பந்தயம் ஓடினார்கள். 'ஹாட் ராட்' என்னும் பெயர் அவ்வண்டிகளுக்கு வந்தது. போருக்குப் பின் விமான ஓடுபாதைகள் அவர்களுக்குப் பந்தயக் களங்களாயின. நம் நாட்டிலும் சென்னைக்கு வடக்கே, போர்க்காலத்தில் அமைந்த சோழவரம் ஓடுபாதையில்தான் கார்ப் பந்தயம் வேரூன்றியது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதனை வளர்த்தது. கோவையின் எஸ். கரிவர்தன் பெயர் பெற்றதும் அங்கேதான்.

எஞ்சினின் திறனைக் கூட்டியவர்கள் எங்கும் சந்தித்த முதல் தொல்லை லிங்கேஜ்தான். இரண்டு கார்புரேட்டர்களின் தகடுகளும் ஒரே கணத்தில் திறக்காவிடில் எஞ்சின் ஐடிலில் தடுமாறும். ராடின் நீளம் சற்றுப் பிசகினால், மிதி தரையைத் தொட்ட பின்னும் தகடு முழுதாகத் திறக்காது; எஞ்சினில் வலு இல்லையென்று அதையே பிரித்துப் போடுவார்கள். இன்னொன்று நுட்பமானது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. மிதியோ வண்டியின் உடலோடு பிணைந்திருக்கிறது. விசை கூடும்போது எஞ்சின் ஒருபுறம் சாய்கிறது. சாயும்போது ராடைத் தானே இழுக்கவோ தள்ளவோ செய்கிறது. ஓட்டுநரின் கால் அசையாதிருக்க, வண்டி குதிரைபோல் துள்ளும்.

இதைத் தீர்க்கும் முறை எளியது. முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கார்புரேட்டர் முனையில் ராடைக் கழற்றித் தகட்டை விரலால் அசைக்க வேண்டும். அப்போதும் சிக்கினால் பழுது கார்புரேட்டரில். சிக்காவிட்டால் ராடிலோ மிதியிலோ. பிறகு மூட்டுக்கு மூட்டு 'ப்ளே' பார்த்துத் தேய்ந்த புஷ்ஷை மாற்ற வேண்டும். ராடைப் பூட்டி, ஒருவர் மிதியை முழுதும் அழுத்த, மற்றவர் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சாய்வதால் வரும் தொல்லைக்கு, வளையும் கேபிளே நல்ல மருந்து.

1980களின் இறுதியில் கரிவர்தன் உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி' காரை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த அவர், தெருவில் ஓடிய மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினை எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைத்தார். மிதி காரின் மூக்கில், எஞ்சின் வாலில். அவ்வளவு தொலைவுக்குக் கேபிள் போகும்போது ஒவ்வொரு வளைவும் உராய்வைக் கூட்டும். உறையின் இரு முனைகளும் அசையாமல் இறுகியிருக்க வேண்டும். மூடும் ஸ்ப்ரிங் அறுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் பந்தயக் கார்களில் இரண்டாவது ஸ்ப்ரிங்கும் வைக்கிறார்கள். குறைந்த செலவில் கிடைத்த அந்தச் சிறு காரிலேயே நரேன் கார்த்திகேயன் போன்றோர் பழகினர். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். 2003-இல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயப் பாதைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

1945-இல் தம் கொடையால் தோன்றிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஜி.டி. நாயுடு, பொறியியலைக் குறைந்த காலத்தில், கைவேலையோடு கற்பிக்க முடியும் என்று வாதிட்டார்; அரசு இணங்கவில்லை, அவர் விலகினார். ஏட்டறிவு வேண்டாம் என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் எஞ்சின் சாய்ந்தால் ராடு என்ன செய்யும் என்பதை விரல்தான் முதலில் உணர்கிறது. ஏடு அதற்குப் பெயர் தருகிறது.

இன்றைய கார்களில் மிதி மின்சைகையை அனுப்புகிறது. ஒரு சிறு மோட்டார் தகட்டைத் திருப்புகிறது. தேய ராடு இல்லை, பழுது பார்க்க மூட்டும் இல்லை. 2015-இல் கோவையில் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகள் பளபளப்போடு நிற்கின்றன. வண்டியைக் காப்பது எளிது. அதைச் சரிசெய்த கையின் அறிவைக் காப்பது கடினம். முதிய மெக்கானிக்குகளிடம் அது இன்னும் இருக்கிறது. கேட்டு எழுதிவைக்க வேண்டியவர்கள் நாம்தாம்.