ஈடில்லாக் கடனும் கடனாளியின் வீடும்

வீடு, நிலம், நகை எதையும் அடமானம் வைக்காமல் வாங்குவது ஈடில்லாக் கடன். அதைக் கொடுத்தவருக்குக் கடனாளியின் வீட்டின் மீது தானாக எந்தப் பாத்தியதையும் இந்தியச் சட்டத்தில் கிடையாது. வழக்குப் போட்டு, டிகிரி எனும் தீர்ப்பாணை வாங்கி, அதை நிறைவேற்றக் கோரும் கட்டத்தில்தான் வீடு ஜப்திக்கு வரும். அப்போதும் எல்லோருடைய வீடும் வராது.

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில், பவானிக்கு எதிரே அமைந்த குமாரபாளையம் விசைத்தறிகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்த ஊர். இத்தகைய ஊர்களில் புரோநோட்டுக் கடனும் மகளிர் குழுக்கடனும் அன்றாடப் புழக்கத்தில் இருப்பவை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு வாங்காமல் தருவதுதான் நுண்கடன். அந்தத் தவணைக்காக வீட்டைப் பூட்டுவோம் என்று வசூலுக்கு வருபவர் சொன்னால், அது மிரட்டல். சட்டத்தில் அதற்கு இடமில்லை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளியைத் தொலைபேசியில் அழைப்பதையே அந்த விதிகள் தடுக்கின்றன.

கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டின் பேரில் 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். டிகிரி கிடைத்தால் அதை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், 21ஆம் கட்டளையின் 54ஆம் விதி வீட்டு ஜப்தியைச் சொல்கிறது. கடனாளி வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிடும். அமீனா வந்து தண்டோரா போட்டோ, ஊர் வழக்கப்படி வேறு விதமாகவோ அதை அறிவிப்பார். உத்தரவின் நகலை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுவார். பிறகு ஏலம். ஏலம் முடிந்தாலும் 60 நாட்களுக்குள் ஏல அறிவிப்பில் கண்ட கடன் தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கட்டி வீட்டை மீட்கலாம்.

ஜப்தி ஆனதாலேயே கடன் கொடுத்தவர் அடமானதாரர் ஆகிவிடுவதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் தீர்ப்பைப் பதிவு செய்தாலே வீட்டின் மீது பற்றுரிமை உண்டாகிறது. இங்கே ஜப்தி வீட்டைக் கைமாறாமல் தடுத்து வைக்கும், அவ்வளவுதான். முன்பே வங்கியில் அடமானம் இருந்தால் அதற்கே முன்னுரிமை. தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கவும் 38ஆம் கட்டளையில் வழியுண்டு. ஆனால் கடனாளி சொத்தை மறைக்கவோ விற்றுத் தப்பவோ முயல்கிறார் என்று காட்ட வேண்டும். ஈடில்லாக் கடனை ஈட்டுக் கடனாக மாற்றிக்கொள்ள அந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது என்று ராமன் டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

தறித் தொழிலாளிக்கு மிகவும் முக்கியமானது அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. விவசாயி, தொழிலாளி, வீட்டு வேலையாள் ஆகியோர் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டை இத்தகைய டிகிரிக்காக ஜப்தி செய்ய முடியாது. தொழிலாளியையும் வீட்டு வேலையாளையும் சேர்த்தது 1976ஆம் ஆண்டுத் திருத்தம். கூலிக்கும் கைவினைஞரின் கருவிகளுக்கும் அதே விலக்கு உண்டு. இந்த விலக்கு வேண்டாம் என்று கடனாளி எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது. சொந்தப் பட்டறையில் ஆள் வைத்துத் தறி ஓட்டுபவர் இதைக் கோருவது கடினம். பஞ்சாபில், கடனாளி குடியிருக்கும் முதன்மை வீட்டுக்கே பொதுவான விலக்கு உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. இங்கும் அது வர வேண்டும்.

உண்மையான ஆபத்து கடன் வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. புரோநோட்டோடு சேர்த்து வீட்டின் மூலப்பத்திரத்தையும் கேட்பார்கள்; கடனுக்கு ஈடாக அதை ஒப்படைத்தால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி அதுவே அடமானமாகலாம். கிரய ஒப்பந்தமோ பவர் பத்திரமோ பதிவு செய்து கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கையெழுத்துப் போட்ட பிறகு 60ஆம் பிரிவின் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது.

சம்மன் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாக டிகிரி ஆகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாட்களே அவகாசம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தரும்.