சென்னை – ஜித்தா விமானப் பயணம்: தூரம், நேரம், இஹ்ராம்

உம்ராவுக்குப் புறப்படும் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு குடும்பத்தார் பலர் கேட்பது இரண்டு கேள்விகள். "ஜித்தா எவ்வளவு நேரம் ஹஜ்ரத்? இஹ்ராமை எங்கே கட்டுவது?" முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவது சரியாக அமையும்.

தூரமும் நேரமும்

மீனம்பாக்கத்திலிருந்து ஜித்தா வான்வழியில் சுமார் 4,450 கி.மீ. மதீனாவும் ஏறத்தாழ இதே தூரம்தான். நேரடி விமானம் ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் சென்றுவிடும். துபாய், மஸ்கட் போன்ற ஊர்களில் மாறிச் சென்றால், காத்திருக்கும் நேரமும் சேரும்.

சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டு ஆறு மணி நேரம் பறந்தால், அங்கே பகல் 1.30.

இஹ்ராம்

கப்பலில் ஹஜ் சென்ற காலத்தில் நம் நாட்டவர் யலம்லமுக்கு நேராக வரும்போது இஹ்ராம் கட்டினார்கள். விமானமோ பெரும்பாலும் தாயிஃப் அருகிலுள்ள கர்னுல் மனாஸில் பக்கமாகச் சென்று, அதன் பிறகே ஜித்தாவில் இறங்குகிறது. அதாவது மீக்காத் வானிலேயே கடந்துவிடும். விமானம் நிமிடத்துக்குச் சுமார் 14 கி.மீ. பறக்கிறது. அறிவிப்பு வரும்போது கண்ணயர்ந்திருந்தால் எல்லை தாண்டிவிடும்.

ஆகவே குளிப்பதையும் இஹ்ராம் துணி உடுத்துவதையும் வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மீக்காத் நெருங்கும்போது நிய்யத் வைத்துத் தல்பியா சொல்லுங்கள். தூங்கிவிடுவோமோ என்று அஞ்சுபவர் முன்கூட்டியே நிய்யத் வைத்தாலும் கூடும். பெண்களுக்குத் தனி உடை இல்லை, நிய்யத்தே முக்கியம். இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், கைப்பையில் வையுங்கள்.

உம்ரா எண்ணத்துடன் இஹ்ராமின்றி மீக்காத்தைக் கடந்தவர் அங்கே திரும்பிச் சென்று இஹ்ராம் கட்டி வர வேண்டும். இல்லையேல் தம் கடமையாகும். அதாவது ஹரம் எல்லைக்குள் ஓர் ஆட்டை அறுத்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஜித்தாவில் இறங்கிக் கட்டலாம் என்பதைப் பெரும்பாலான உலமாக்கள் ஏற்பதில்லை.

முதலில் மதீனா செல்பவருக்கு இந்த அவசரம் இல்லை. அவர் மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டினால் போதும்.

தொழுகை

ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே கஸ்ர் தொடங்கும். நம் பகுதிகளிலிருந்து மீனம்பாக்கம் வரை கட்டடங்கள் விடாமல் தொடர்கின்றன. எனவே விமான நிலையத்தில் முழுமையாகத் தொழுவதே பேணுதல்.

திரும்பும்போது இன்னும் கவனம் தேவை. ஜித்தாவில் இரவு 10 மணிக்கு ஏறி ஐந்தரை மணி நேரம் பறந்தால், சென்னையில் காலை 6 மணி. ஃபஜ்ரு நேரம் வானிலேயே வந்துவிடும். இறங்கித் தொழலாம் என்று இருந்தால் களாவாகிவிடக்கூடும். உளூவுடன் ஏறுங்கள், நேரம் வந்ததும் விமானத்திலேயே இயன்றவாறு தொழுதுகொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் பயணத்தையும் இலேசாக்கி, உம்ராவை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.