துவக்கை வைத்துவிட்டு எண்ணியவர்கள்

ஒரு காலத்தில் நத்தார் நாளில் வட அமெரிக்கர் சிலர் துவக்குகளோடு இரண்டு அணிகளாகக் காட்டுக்குள் போவார்கள். கண்ணில் படுவதையெல்லாம் சுடுவார்கள். பெரிய குவியல் வைத்திருக்கும் அணிக்கே வெற்றி. இப்படியும் ஒரு கொண்டாட்டம்!

1900இல் பிராங்க் சப்மன் என்ற பறவையியலாளர் தன் சஞ்சிகையில் மாற்றுவழி சொன்னார்: சுடவேண்டாம், எண்ணுங்கள். அந்த நத்தாருக்கு 25 இடங்களில் 27 பேர்தான் எண்ணினார்கள். அதில் எங்கள் ரொறன்ரோவும் ஒன்று.

இன்றும் எண்ணுகிறார்கள். 24 கிலோமீற்றர் விட்டமுள்ள வட்டத்தை ஒரே நாளில் குழுக்களாகப் பிரிந்து நடப்பார்கள். லெஸ்லி ஸ்பிற் பக்கம் போய்ப் பாருங்கள். நகரத்து இடிபாடுகளைக் கொட்டி உண்டாக்கிய நிலம் அது. அங்கே மிதக்கும் நீண்டவால் வாத்துகள் ஆர்க்டிக்கிலிருந்து வந்தவை. ஒன்ராறியோ ஏரி முழுதாக உறைவது அபூர்வம். எங்களை விறைக்க வைக்கும் இந்தக் குளிர்தான் அவற்றுக்குக் கதகதப்பான தெற்கு. வடக்கிலிருந்து பறந்து வரும் ஊசிவால் வாத்துகளுக்கு எங்கள் மன்னார் எப்படியோ, அப்படி.

1970இலிருந்து வட அமெரிக்கா கிட்டத்தட்ட 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதற்கு உதவிய பதிவுகளில் இந்த நத்தார்க் கணக்கும் ஒன்று. தரவுகளோடு மாரடிப்பதுதான் என் வேலை; 120 வருடத்துக்கு மேல் அறுபடாத தரவை எந்தக் கொம்பனியிலும் நான் கண்டதில்லை.

டிசம்பர் நடுவில் தொடங்கும். புதியவர்களும் சேரலாம். கையுறை இரண்டு சோடி போடுங்கள்.