வெள்ளிக்குப் பின் வந்த தங்கம்



ஜமைக்காவின் ஹெர்ப் மெக்கின்லி, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1946, 1947 ஆகிய இரண்டு ஆண்டுகளும் 440 கஜ ஓட்டத்தில் கல்லூரிகளுக்கிடையிலான தேசிய சாம்பியன். 1948-இல் 400 மீட்டரில் உலக சாதனை. ஆனால் அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் கிடைத்தது வெள்ளிதான்.

1952 ஹெல்சின்கியில் 100 மீட்டரில் முதல்வருக்கும் இவருக்கும் ஒரே நேரம், 10.4 வினாடி. புகைப்படம் பார்த்துத்தான் தீர்ப்பு சொன்னார்கள், மீண்டும் வெள்ளி. 400 மீட்டரிலும் வெள்ளியே.

மனம் தளரவில்லை. நால்வர் தொடர் ஓட்டத்தில் மூன்றாவது ஆளாகக் குறுந்தடியை வாங்கியபோது அமெரிக்கர் வெகுதூரம் முன்னால். 44.6 வினாடியில் ஓடி முந்திவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுத்தார். 0.1 வினாடி வித்தியாசத்தில் ஜமைக்காவுக்குத் தங்கம், உலக சாதனையும்கூட!

பின்னாளில் தாம் படித்த கலபார் பள்ளியிலேயே பயிற்சியாளரானார். அதுவும் குறுந்தடியைக் கைமாற்றும் வேலைதானே, பிள்ளைகளே!