நொபீலியம்: ஒரு சான்றின் வரலாறு

சாசனமொன்று கிடைத்தால் மட்டும் போதாது. அது எக்காலத்தது, யாருடையது என்பன நிறுவப்படல் வேண்டும். வரலாற்று மாணவர் நன்கறிந்த இவ்விதி பௌதிகவியலாரையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு, 102ஆம் மூலகமாகிய நொபீலியத்தின் வரலாறு தக்க எடுத்துக்காட்டாகும்.

1957இல் ஸ்ரொக்ஹோமிலுள்ள நொபெல் நிறுவனத்திலே சுவீடன், பிரித்தானிய, அமெரிக்க ஆய்வாளர் கூடி இம்மூலகத்தைக் கண்டதாக அறிவித்துப் பெயருமிட்டனர். அமெரிக்கர் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர்கள். ஆயின் பேர்க்லியிலும் சோவியத் ஒன்றியத்திலும் நிகழ்ந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை. கண்டுபிடிப்பின் பெருமை பின்னர் டுப்னா ஆய்வாளருக்கே உரியதாயிற்று. பெயர் மட்டும் நிலைத்து, 1997இல் முறைப்படி ஏற்கப்பட்டது.

மூலகம் உண்டென்பது தெளிந்தபின் எழுந்த வினா, அது எவ்வாறு நிலைக்கின்றது என்பதாகும். நூற்றிரண்டு புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அணுக்கரு வெறும் திரவத்துளி போன்றதாயின் கணத்திற் பிளந்துவிடும். 1949இல் மரியா கோப்பெர்ட் மேயரும் ஜென்சனும் விளக்கிய ஓட்டமைப்பே அதனைத் தாங்குகின்றதெனக் கொள்ளப்பட்டது. அதனைச் சோதிக்கக் கருவின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். கிளர்ச்சியுற்ற கரு தாழ்நிலைக்கு இறங்குகையில் உமிழும் காமாக் கதிர்களின் சக்தியே அதற்கான சான்று.

இடர்ப்பாடு யாதெனில், கல்சியம்-48 கற்றை ஈயம்-208ஐ மோதுகையிற் பெரும்பாலான கருக்கள் பிளவுற்று, அத்துண்டுகளும் காமாக் கதிர்களை உமிழ்வதாகும். உண்மைச் சான்று அவ்விரைச்சலில் மறைந்துபோகும். 1998இல் அதே ஆர்கோனில் இதற்கு வழி பிறந்தது. இலக்கைச் சூழக் காமாஸ்பியர் என்னும் உணர்கருவித் தொகுதியும் அதன்பின்னே திணிவுப் பிரிகருவியும் அமைந்தன. பிளவாது தப்பிய கரு பிரிகருவியின் முடிவிடத்தை அடைந்தபோது, அதற்குச் சற்று முன்னர்ப் பதிவான கதிர்கள் மட்டுமே கணக்கிற் கொள்ளப்பட்டன. பின்வந்த சாட்சி முன்னைய பதிவை அடையாளங் காட்டிற்று.

கிடைத்த சக்திகள் ஏணிப்படிபோல் ஒழுங்காக உயர்ந்தன. ஒரு நிமிடத்திலும் குறைந்த அரைவாழ்வுடைய நொபீலியம்-254 நீண்டுருண்ட வடிவிற் சுழல்வதும், 14 அலகு கோண உந்தத்திலும் பிளவாது நிற்பதும் புலனாயின. பின்லாந்தின் யிவாஸ்கிலா ஆய்வாளர் வேறொரு பிரிகருவியைக் கொண்டு அதே ஏணியைக் கண்டு 1999இல் வெளியிட்டனர்.

1957இன் முடிவுக்கு வாய்க்காதது இவ்வுறுதிப்பாடே. அன்று அறிவித்தோர் திறமையிற் குறைந்தவரல்லர். தாம் கண்ட பதிவு எக்கருவினது என நிறுவும் வழியே அவர்க்கு வாய்க்கவில்லை. ஏட்டையும் கல்லையும் ஆராய்வோர் மறக்கலாகாத பாடம் இதுவாகும்.