புரோக்மெயில்

புரோக்மெயில் என்பது யுனிக்ஸ் வகை இயக்குதளங்களில், கணினிக்கு வந்து சேர்ந்த மின்னஞ்சலை வகை பிரித்து உரிய கோப்பில் சேர்க்கும் மென்பொருள் ஆகும். ஸ்டீபன் வான் டென் பெர்க் இதை 1990இல் உருவாக்கினார்.

பிரிப்பதற்கான விதிகளைப் பயனரே தம் முகப்பு அடைவில் எழுதிக்கொள்ளலாம். அஞ்சல்கள் பெரும்பாலும் ஒரே கோப்பின் இறுதியில் அடுத்தடுத்துச் சேர்க்கப்பட்டன. இரண்டு ஒரே நேரத்தில் எழுதப்பட்டால் கலந்து கெட்டுவிடும். எனவே விதியின் தொடக்கமான முக்காற்புள்ளி, சுழியம் ஆகியவற்றை அடுத்து இன்னொரு முக்காற்புள்ளி இட வேண்டும். ஓர் அஞ்சல் எழுதி முடியும்வரை மற்றது காத்திருக்கும். இவ்வளவு பெரிய பொறுப்பை அவ்வளவு சிறிய குறியிடம் விட்டது வியப்புத்தான்.

2001இல் 3.22 பதிப்போடு வளர்ச்சி நின்றது, பயன்பாடு நிற்கவில்லை. பாதுகாப்புக் குறை வெளிப்பட்ட 2014இல், முன்பு இதைப் பராமரித்த பிலிப் கெந்தரே ஓப்பன்பிஎஸ்டி தொகுப்பிலிருந்து இதை நீக்கும்படி கூறினார். 2020இல் வான் டென் பெர்க் பராமரிப்பை மீண்டும் ஏற்றார்.