சுவர் காக்குமா? ஒளி–ரேடியோ கலப்புத் தொடர்பில் இரகசியம் பற்றிய ஒரு வாசிப்புக்கு மறுப்பு

ஒளியால் தரவு அனுப்பும் லை-ஃபையின் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் 2011-இல் எடின்பரோவில் ஹரால்டு ஹாஸ் ஆற்றிய டெட் உரையைத் தொடாமல் போவது அரிது. ரேடியோ அலை சுவரைத் துளைக்கும், அதனால் அடுத்த அறைக்காரரும் ஒட்டுக்கேட்கலாம். ஒளி துளைக்காது, வெளிச்சம் விழும் இடத்தில்தான் தரவும் இருக்கும் என்பது அவர் வாசிப்பு. எல்.இ.டி. விளக்கையே தரவு அனுப்பும் கருவியாக உலகுக்குக் காட்டிய பெருமை அவருக்குரியது. இரகசியத்தைச் சுவரிடம் ஒப்படைத்ததில்தான் எனக்குப் பிணக்கு.

இந்த வாதம் ஹாஸுக்கு மூத்தது. ஐ.பி.எம். சூரிச் ஆய்வகத்தின் கஃபெல்லரும் பாப்ஸ்டும், அறைக்குள் சிதறும் அகச்சிவப்பு ஒளியால் தரவு அனுப்பும் முறையை 1979-இல் வெளியிட்டனர். வாதத்தின் பிறப்பை அந்த ஆண்டை ஒட்டி வைக்கலாம். அதற்கு முன்னால் தள்ளவும் இடமுண்டு. என் கவனத்தை நிறுத்தியது 1997-இல் கானும் பாரியும் அகச்சிவப்புத் தொடர்பு பற்றி எழுதிய நெடுங்கட்டுரை. ஒளி அறைக்குள் அடங்குவதால் அதைக் காப்பது எளிது என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். ஆனால் யாரிடமிருந்து காப்பது என்பதற்கு அதே வாக்கியத்தில் வேலி போடுகிறார்கள்: போகிற போக்கில் காது கொடுப்பவரிடமிருந்து. கருவியோடு திட்டமிட்டு வந்து நிற்பவர் அந்த வேலிக்குள் வரவில்லை. பதினான்கு ஆண்டு கழித்து மேடைக்கு வந்தபோது வாதம் மட்டும் வந்தது, வேலி வரவில்லை. சுவடிப் பதிப்பில் இப்படி ஓர் அடி விடுபட்டிருந்தால் பாடபேதம் என்று அடிக்குறிப்பாவது போட்டிருப்பார்கள்.

விடுபட்டது சின்ன விஷயமல்ல. பெல் ஆய்வகத்தின் ஆரோன் வைனர் 1975-இல் முன்வைத்த மாதிரியில், ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைப்பது உரியவர் பெற்றதன் சிதைந்த படி. அந்த ஏற்பாடு இருந்தால் முன்கூட்டிப் பகிர்ந்த சாவி இல்லாமலேயே, குறியீட்டின் அமைப்பால் செய்தியை மறைக்கலாம். இயற்பியல் அடுக்குப் பாதுகாப்பு என்று இன்று சொல்வதற்கு இதுவே வேர். 1978-இல் சிசாரும் கோர்னரும் இந்த மாதிரியைப் பொதுமைப்படுத்தினர். அப்போதும் இரகசியத்தின் அளவு இரண்டு தடங்களுக்கு இடையேயான வேறுபாட்டில்தான் நின்றது. ஒளியா ரேடியோவா என்பது அடுத்த கேள்வி. சுவர் அந்த வேறுபாட்டை உண்டாக்கும் வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். ஒரே அறையில் விளக்குக்கு நேர் கீழே ஒட்டுக்கேட்பவரும் மூலையில் உரியவரும் உட்கார்ந்திருந்தால், சுவர் இருந்தும் பயனில்லை.

அந்தச் சுவரும் குளிர்நாட்டுச் சுவர். சித்திரை வெயிலில் கோவில்பட்டியில் கதவைச் சாத்திக்கொண்டு யார் வேலை பார்க்கிறார்கள்? கரிசல் காட்டுப் புழுக்கத்துக்கு வெண்டிலேட்டர், கம்பி ஜன்னல், திறந்து கிடக்கும் கதவு என்றுதான் தீப்பெட்டி ஆபீஸும் வீடும் இருக்கின்றன. குளிர்நாட்டிலும் நிலைமை அப்படியொன்றும் மேலில்லை. டார்ம்ஸ்டாட், ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கதவிடுக்கு, சாவித்துளை, பாதி மறைத்த ஜன்னல் வழியாகக் கசியும் ஒளியிலிருந்தே தரவை எடுக்க முடியும் என்று காட்டினார்கள். அதற்கும் முன்பு, 2002-இல், மோடத்தில் மினுக்கும் சிறு விளக்கே தரவை வெளியே சொல்லிவிடும் என்று லாஃப்ரியும் அம்ஃப்ரெஸும் எழுதிவிட்டார்கள்.

சுவரை நம்பும் ஒளிக்கு நேர் எதிர்த் துருவம் நம் தெற்கிலேயே இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், 1990 முதல் இயங்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அலைநீளம் ஏறத்தாழ பதினாறரை கிலோமீட்டர். எந்தச் சுவரும் அதற்குப் பொருட்டல்ல. அதன் அலையை உலகெங்கும் பலர் பிடிக்கிறார்கள். அயனி மண்டலத்தை ஆராய்கிறவர்களுக்கு அது ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டது. அலை ஊருக்குப் பொது, சங்கேதம் மட்டும் தனி. (திருச்செந்தூர் உச்சிக்கால மணியை மண்டபம் மண்டபமாகக் கைமாற்றிப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்தார் கட்டபொம்மன் என்பது ஊர்ப்பேச்சு. அதுவும் வழிநெடுக எல்லாருக்கும் கேட்ட மணிதான்.)

கலப்பு அமைப்பு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அறைக்குள் இறங்குவழி ஒளி, ஏறுவழி ரேடியோ என்பது பரவலான ஏற்பாடு. கைபேசி மேல்நோக்கி விளக்கடித்தால் கண்ணும் கூசும், பேட்டரியும் தீரும். அப்போது இறங்குவழியைச் சுவர் காத்தாலும், பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புகையும் பொதிகளின் நேரமும் நீளமும் ரேடியோவில் தெருவுக்கு வந்துவிடுகின்றன. ரேடியோவுக்காகக் கண்ட கணக்குகளை ஒளிக்கு அப்படியே தூக்கிவரவும் முடியாது. ஒளியின் செறிவு சுழிக்குக் கீழே இறங்காது, விளக்கின் உச்சத்துக்கு மேலே ஏறாது. இந்த வரம்புக்குள் நின்று கணக்குப் போட்டவர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முஸ்தபாவும் லாம்பேயும். ஒட்டுக்கேட்பவர் இருக்கும் திசையில் சமிக்ஞையை அவிக்கும் உத்திக்கு அவர் இடம் தெரிந்தாக வேண்டும். வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் ஒளியுணர்வி தன் இருப்பை எப்படிச் சொல்லும்?

ஆகவே கலப்பின் பலத்தை வேறிடத்தில் தேட வேண்டும் என்பேன். சாவியை ஒளியிலும் மறைத்த செய்தியை ரேடியோவிலும் அனுப்பினால், ஒட்டுக்கேட்பவர் இரண்டையும் பிடித்தாக வேண்டும். ஷானன் 1949-இல் வகுத்தபடி முழு இரகசியத்துக்குச் செய்தியளவு சாவி வேண்டும்; அந்தச் சுமையைத் தாங்கும் அகலம் ஒளிக்கு உண்டு. இது கணக்கில் நிற்கிறது, கரிசல் வீட்டில் நிற்குமா என்பது வேறு. கதவிடுக்கில் சாவி கசிந்தால் எல்லாம் போச்சு. என்றாலும், சுவரை நம்புவதைவிட இது நேர்மையான வாசிப்பு: எது கசிந்தால் எது போகும் என்பதையாவது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

தரம் வகுத்தவர்களும் சுவரை நம்பவில்லை. 2023-இல் வந்த ஐ.இ.இ.இ. 802.11பிபி, ஒளியை வைஃபை குடும்பத்துக்குள் கொண்டுவந்தபோது அந்தக் குடும்பத்தின் சங்கேதக் காவலையும் சேர்த்தே கொண்டுவந்தது. அது எடுத்துக்கொண்ட ஒளியோ 800 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு. கதவிடுக்கில் கசிந்தாலும் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது.